ஆலுக்கு அடியில் அருகு: மதுரை வீடுகளின் நிழலில் புல்தரை வளர்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

கல்யாண வீட்டில் பெரியவர்கள் ‘ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரோடி’ என்று வாழ்த்துவார்கள். வாழ்த்து நல்ல வாழ்த்துதான். ஆனால் ஏதாவது ஓர் ஆலமரத்தடியில் குனிந்து பாருங்கள், அங்கே அருகு வேரோடியிருக்காது. அருகுக்கு வெயில் வேண்டும். ஆல் அதை விடாது.

எனக்கு இது புரிய ஒரு வருடமும் கொஞ்சம் பணமும் செலவாயின. திருநகர் பக்கம் எங்கள் வீட்டின் வடக்கே ஆறடி அகலத்தில் ஒரு முடுக்கு. ஒரு பங்குனியில் அதில் கொரியன் கிராஸ் ஷீட் வாங்கிப் பரப்பினேன். விற்றவர், “நிழல்லயும் சூப்பரா வரும் சார்” என்றார். ஆடி வரைக்கும் ஜமக்காளம் விரித்த மாதிரி இருந்தது. ஐப்பசியில் இழை இழையாகப் பிரிய ஆரம்பித்தது. பூச்சி என்று நினைத்து மருந்தடித்தேன், சத்துக் குறைவு என்று நினைத்து யூரியா போட்டேன். தை பிறந்தபோது வெறும் மண்ணும் அதன்மேல் பாசியும்தான் மிச்சம். விற்றவர் மேல் பாதிக் குற்றம். மீதி என்னுடையது: அந்த முடுக்குக்குள் வெயில் எந்த மாதம் வருகிறது, எந்த மாதம் போகிறது என்று நான் பார்க்கவே இல்லை.

நிழலில் புல்லுக்கு என்ன ஆகிறது

நம் ஊரில் வளரும் லான் புற்கள் எல்லாமே வெப்பநிலப் புற்கள். கரும்பு, சோளம் போல இவை காற்றிலுள்ள கரியமில வாயுவை முதலில் இலைக்குள் ஓரிடத்தில் செறிவாக்கி, அப்புறம்தான் சர்க்கரையாக்கும். கொளுத்தும் வெயிலில் இது அருமையான ஏற்பாடு. ஆனால் அந்தச் செறிவாக்கும் வேலைக்கே தனியாகச் சக்தி செலவாகும். வெளிச்சம் குறைந்தால் வரவைவிடச் செலவு கூடிவிடும். போதாக்குறைக்கு மதுரையின் இரவுகள் சூடானவை. இரவு சூடாக இருந்தால் புல் மூச்சுவிட்டே சேமிப்பைக் கரைக்கும். பகலில் சம்பாதிக்காமல் இரவில் செலவழிக்கும் குடும்பம் எத்தனை நாள் தாங்கும்? மூன்று, நான்கு மாதம் தாங்கும். அதனால்தான் நிழலில் போட்ட லான் உடனே சாகாமல் நம்மை ஏமாற்றுகிறது.

சாவதற்கு முன் அது சில அடையாளம் காட்டும். இலை நீண்டு மெலிந்து மேல்நோக்கிப் போகும். பக்கத்தில் ஓடும் தண்டுகள் குறையும், கணுவுக்குக் கணு இடைவெளி கூடும், வேர் ஆழம் போகாது. பார்ப்பவர்கள் “நல்லா வளர்ந்திருக்கே” என்பார்கள். அது வளர்ச்சி இல்லை, வெளிச்சத்தைத் தேடும் பரிதவிப்பு.

நிழலிலும் இரண்டு ஜாதி உண்டு. சுவர் நிழலில் வெளிச்சத்தின் அளவுதான் குறையும், அதன் நிறக்கலவை பெரிதாக மாறாது. மர நிழலில் இலைகள் சிவப்பையும் நீலத்தையும் தாங்களே உறிஞ்சிக்கொண்டு, நம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத தொலைசிவப்பு ஒளியைக் கீழே விடும். புல்லிடம் இந்த விகிதத்தை அறியும் நிறமி இருக்கிறது. தொலைசிவப்பு கூடினால் ‘தலைக்கு மேலே ஒருவன் நிற்கிறான், எட்டிப் பிடி’ என்று அது தண்டை நீட்டச் சொல்லும். சுவர் நிழல் பட்டினி போடும். மர நிழல் பட்டினியும் போட்டு, இருப்பதையும் வீணாகச் செலவழிக்க வைக்கும். அதோடு மரத்தின் வேர் தண்ணீருக்கும் போட்டிக்கு வரும்.

முதல் வேலை: கோலமாவோடு ஒரு நாள்

புல் வாங்கக் கிளம்பும் முன் ஒரு விடுமுறை நாளை இதற்கு ஒதுக்குங்கள். காலை 8 மணிக்கு நிழலின் ஓரத்தைத் தரையில் கோலமாவால் கோடு போடுங்கள். 10, 12, 2, 4 மணிக்கு மறுபடி. ஒரே வெள்ளையாக இருந்தால் குழம்பும். கலர்ப்பொடி இருந்தால் மணிக்கு ஒரு நிறம். மாலையில் மாடியில் ஏறிப் பார்த்தால் எந்த இடத்துக்கு எத்தனை மணி நேரம் நேர்வெயில் கிடைத்தது என்று படம் போலத் தெரியும். மரத்தடியில் புள்ளி புள்ளியாக விழும் வெயிலைப் பாதிக் கணக்காக வையுங்கள். மொபைலில் வெளிச்சத்தை லக்ஸ் கணக்கில் அளக்கும் செயலியும் உதவும். துல்லியம் எதிர்பார்க்காதீர்கள், ஒப்பிட்டுப் பார்க்க மட்டும். திறந்த வெயிலில் காட்டும் எண்ணில் மூன்றில் ஒரு பங்குகூட மரத்தடியில் வரவில்லை என்றால் அங்கே புல் போடுவதை யோசிக்க வேண்டும்.

ஆனால் ஒரு நாள் அளந்தால் போதாது. நான் தவறியது இங்கேதான்.

மதுரை ஏறக்குறைய 10 பாகை வடக்கு அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் 16 வாக்கில், அதாவது சித்திரை பிறந்த இரண்டொரு நாளில், உச்சி வெயில் நேராகத் தலைக்கு மேல் வரும். அதற்குப் பிறகு சூரியன் நமக்கு வடக்கே போய்விடும். ஆகஸ்ட் 27 வாக்கில், ஆவணி பத்தைத் தொட்டு, மறுபடி தலைக்கு மேல் வந்து தெற்கே இறங்கும். ஆக, வருடத்தில் நாலு மாதத்துக்கு மேல் உச்சிப்பொழுது நிழல் தெற்குப் பக்கம் விழும், மீதி மாதமெல்லாம் வடக்குப் பக்கம்.

அளவு தெரிந்தால் இன்னும் தெளிவாகும். மார்கழியில் உச்சிநேர நிழலின் நீளம் கட்டட உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு, வடக்கே. ஆனியில் வெறும் கால் பங்கு, தெற்கே. ஒரு மாடியும் கைப்பிடிச் சுவருமாக 23 அடி உயர வீடு என்று வையுங்கள். மார்கழியில் வடக்கே 15 அடி வரைக்கும் நிழல். ஆனியில் தெற்கே ஐந்தரை அடிதான். காலையிலும் மாலையிலும் இதைவிட நீளும்.

அதே வீட்டின் வடக்கே சுவரை ஒட்டிய ஆறடிக்குப் புரட்டாசி பிற்பாதியில் போகும் வெயில், மாசி கடைசியில்தான் திரும்பும். சுவர் நீளமாக இருந்தால் நடுவில் ஐந்து மாதம் நேர்வெயில் ஒரு நிமிஷம்கூட விழாது. சுவரிலிருந்து பத்தடி தள்ளிப் போனால் இந்த இருட்டுக் காலம் ஐப்பசி நடுவிலிருந்து மாசி பிறக்கும் வரை, மூன்றரை மாதமாகச் சுருங்கும். மதுரைக்காரர்களுக்கு மனப்பாடம் செய்வது சுலபம், கோயிலைச் சுற்றிய நம் வீதிப் பெயர்களே போதும்: வடக்கு முடுக்குக்கு வெயில் திரும்புவது மாசியில், தலைக்கு மேல் வருவது சித்திரையில், புல் நட வேண்டியது ஆடிக்குள், வெயில் விடைபெறத் தொடங்குவது ஆவணியில்.

இதில் கொடுமை என்னவென்றால், நமக்கு மழை கொட்டுவது ஐப்பசி, கார்த்திகையில். வடக்குப் பக்கப் புல்லுக்கு வெயில் இல்லாத நேரமும் அதேதான். நனைந்து, காயாமல், பட்டினியோடு நிற்கும். என் கொரியன் கிராஸ் செத்த கதை அவ்வளவுதான்.

பக்கத்து மனையில் கட்டடம் வரப்போகிறதா என்பதையும் கணக்கில் சேருங்கள். இன்றைக்கு ஆறு மணி நேரம் வெயில் வரும் கிழக்கு முற்றம், அடுத்த வீட்டுக்காரர் மாடி எடுத்தால் மூன்று மணி நேரமாகிவிடும்.

எந்தப் புல்

நிழலை விரும்பும் லான் புல் என்று ஒன்று இல்லை. சகிக்கும் புல்தான் உண்டு. இணையத்தில் தேடினால் ஃபெஸ்க்யூ என்ற புல்லைப் பலரும் சொல்வார்கள். அது குளிர்நாட்டுப் புல். நம் சித்திரை வெயிலில் அதற்கு வேலை இல்லை.

அருகு (பெர்முடா), அதன் கலப்பினங்கள்: நாளுக்கு ஏழெட்டு மணி நேர்வெயில். குறைந்தால் முதலில் கைவிடுவது இதுதான். விளையாட்டுத் திடலுக்கு உகந்தது, மாமரத்தடிக்கு இல்லை.

கொரியன் கிராஸ், சாய்சியா இனம்: ஐந்தாறு மணி நேரம். மெல்லிய இலை உள்ள வகைகள் அகல இலை வகைகளைவிட நிழலைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். ஆனால் மெதுவாக வளரும் புல், ஒரு தடவை வழுக்கை விழுந்தால் மூடிக்கொள்ள மாதக்கணக்காகும். நிழலில் இன்னும் தாமதம்.

பஃபலோ கிராஸ்: நிழலுக்கு நம் கையில் இருக்கும் நல்ல ஆயுதம் இதுதான், நாலு மணி நேர வெயிலில் சமாளிக்கும். ஆனால் பெயரில் பெரிய குழப்பம். இங்கே இந்தப் பெயரில் இரண்டு வெவ்வேறு புற்கள் விற்கிறார்கள். ஒன்று ஸ்டெனோடாஃப்ரம், வெளிநாட்டில் செயின்ட் அகஸ்டின் என்பார்கள். இன்னொன்று ஆக்ஸோனோபஸ், கேரளத்தில் தென்னந்தோப்பு நிழலில் படர்ந்திருப்பது. அமெரிக்கப் பக்கங்களில் பஃபலோ என்று போட்டிருப்பது இந்த இரண்டும் இல்லாத மூன்றாவது புல். அதற்கு முழு வெயில் வேண்டும். அதைப் படித்துவிட்டு இதை வாங்கினால் வம்பு.

நர்சரியில் பிரித்தறிய வழி இருக்கிறது. ஓடும் தண்டைக் கையில் எடுங்கள். தடித்து, தட்டையாக, ரோமமே இல்லாமல் இருந்தால் ஸ்டெனோடாஃப்ரம். மெல்லியதாகக் கணுவில் பூனைமயிர் போல ரோமம் இருந்தால் ஆக்ஸோனோபஸ். பூங்கதிர் இருந்தால் இன்னும் சுலபம்: முன்னதில் தடித்த ஒற்றைக் கதிர், பின்னதில் விரல் விரித்த மாதிரி இரண்டு மூன்று மெல்லிய கதிர்கள்.

நிழலில் ஆக்ஸோனோபஸ் ஒரு படி மேல் என்றே சொல்லலாம், மூன்று மணி நேர வெயிலிலும் பச்சை காட்டும். ஆனால் அது ஈரத்தையும் புளிப்பு மண்ணையும் விரும்பும் புல். நம் போர் தண்ணீர் பல இடங்களில் உப்பும் சுண்ணாம்புமாக இருக்கிறது. அந்தத் தண்ணீரில் இது வெளிறி மஞ்சளாகும். ஸ்டெனோடாஃப்ரம் உப்பையும் காரமண்ணையும் நன்றாகவே தாங்கும். அதனால் மதுரைக்கு என் ஓட்டு ஸ்டெனோடாஃப்ரத்துக்கு. நல்ல தண்ணீர் இருக்கும் அதிர்ஷ்டசாலிகள் மட்டும் ஆக்ஸோனோபஸ் முயன்று பார்க்கலாம்.

மரத்தில் கை வைப்பது

சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் பார்த்திருக்கிறீர்களா? வெற்றிலை அகத்தி நிழலில் வளரும். ஆனால் அகத்தியை அவர்கள் அப்படியே விட்டுவிடுவதில்லை, அவ்வப்போது கிளை கழித்து வெளிச்சத்தை அளந்து விடுவார்கள். நம் வீட்டு வேம்புக்கும் புங்கைக்கும் அதே வித்தைதான், அளவு மட்டும் பெரிது.

தாழ்ந்த கிளைகளை எட்டுப் பத்து அடி உயரம் வரை கழித்துவிட்டால், காலையிலும் மாலையிலும் சாய்வு வெயில் உள்ளே வரும். உச்சியை வெட்டுவதைவிட இதில் பலன் அதிகம். உள்ளே நெருக்கமாகக் குறுக்கிடும் கிளைகளையும் எடுக்கலாம். ஒரே தடவையில் மொத்தத் தழையில் கால் பங்குக்கு மேல் வேண்டாம். தலையை மொட்டை அடித்தால் மரம் கோபத்தோடு இன்னும் அடர்த்தியாகத் துளிர்க்கும். ஆவணி, புரட்டாசியில் செய்தால் மழைக்காற்றில் கிளை முறியும் பயமும் குறையும், மழை வரும் நேரத்தில் கீழே வெளிச்சமும் கூடும். சாலையோர மரம் என்றால் அனுமதி இல்லாமல் கை வைக்கக் கூடாது.

மரத்துக்கு மரம் நிழல் வேறு. முருங்கையும் தென்னையும் சல்லடை நிழல், அதன் கீழ் பஃபலோ நன்றாக வரும். தென்னையில் தூரைச் சுற்றி ஆறடிக்கு வேர் பின்னிக்கிடக்கும்; அந்த வட்டத்தை மட்டும் விட்டுவிடுங்கள். வேம்பும் புங்கையும் நடுத்தரம். மாமரம் வருடம் முழுக்கக் கறுத்த நிழல், அங்கே புல்லை மறந்துவிடுங்கள். வேம்பு இலை உதிர்க்கும் மாசி, பங்குனியில் வெளிச்சம் கூடும். ஆனால் உதிர்ந்த சருகை இரண்டு நாளைக்கு ஒரு தடவை கூட்டி அள்ளாவிட்டால் அந்த வெளிச்சம் புல்லை எட்டாது. கூட்டிய சருகை எரிக்காமல் மரத்தின் தூரில் போட்டுவிடலாம். தூரைச் சுற்றி நான்கடிக்கு எப்படியும் புல் வேண்டாம்.

மண்ணும் நடவும்

திறந்த இடம் என்றால் புரட்டாசியில் நடலாம் என்பார்கள். நிழல் இடத்துக்குத் திசை பார்த்துத்தான் மாதம். வீட்டின் வடக்கே என்றால் ஆனியிலிருந்து ஆடிக்குள் நட்டுவிடுங்கள். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது இந்தப் பக்கத்துக்கு அப்படியே பொருந்தும். வெயில் அந்தப் பக்கம் இருக்கும்போதே வேர் இறங்கி, சேமிப்பு சேர்ந்துவிடும். ஆடிக்காற்று மண்ணை உலர்த்தும் என்பதால் முதல் மூன்று வாரம் தண்ணீரில் கஞ்சத்தனம் கூடாது. தெற்குப் பக்கம் என்றால் புரட்டாசி: வெயிலும் மழையும் சேர்ந்து வரும்.

மண்ணை அரை அடி ஆழம் கொத்திக் கோரைக்கிழங்கைப் பொறுக்கி எடுங்கள். இதில் சோம்பேறித்தனம் காட்டினால் பின்னால் அழ வேண்டும். மரத்தடியில் மட்டும் கடப்பாரை வேண்டாம். கட்டைவிரல் தடிமனுக்கு மேல் உள்ள வேரை வெட்டக் கூடாது, வேருக்கு மேல் இரண்டு அங்குலத்துக்கு மேல் புது மண் கொட்டவும் கூடாது. மரத்தின் வேருக்கு மூச்சு முட்டும். மக்கிய தொழு உரம், கொஞ்சம் மணல், வேப்பம் புண்ணாக்கு கலந்தால் போதும். திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மண்ணாக இருந்தால் மணலும் மக்கும் கூடுதலாக. நிழலில் கரிசல் காயவே காயாது.

ஷீட்டா, தண்டா? வெயிலில் தண்டு நட்டால் தானே ஓடி மூடிக்கொள்ளும். நிழலில் ஓட்டம் குறைவு என்பதால், தண்டு நட்டால் மூன்று நான்கு அங்குல இடைவெளியில் நெருக்கமாக நடுங்கள். ஷீட் போட்டால் அடியில் ஒட்டியிருக்கும் களிமண்ணைப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் தண்ணீரில் நனைத்துக் கொஞ்சம் உதிர்த்துவிட்டுப் பரப்புங்கள். இல்லாவிட்டால் வேர் அந்தக் களியிலேயே சுற்றிக்கொண்டு கீழே இறங்காது.

வெட்டு, தண்ணீர், உரம்

நிழல் புல்லைக் காப்பாற்றுவதும் கொல்வதும் வெட்டுகிற கைதான். ஒட்ட வெட்டினால் பக்கவாட்டில் படரும் என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். வெயிலில் சரி. நிழலில் இலைதான் அதன் சம்பாத்தியம், அதை வெட்டினால் எதை வைத்துப் படரும்? வெயிலில் ஒரு அங்குலத்தில் வைக்கும் கொரியனை நிழலில் ஒன்றரை, இரண்டு அங்குலத்தில் வையுங்கள். ஸ்டெனோடாஃப்ரம் பஃபலோவை மூன்று அங்குலத்துக்குக் கீழே இறக்காதீர்கள். எந்தப் புல்லானாலும் ஒரு தடவையில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. ஒரே மெஷின், ஒரே உயரம் என்று முற்றம் முழுக்க ஓட்டும் ஆளிடம் நிழல் பகுதியைத் தனியாகக் காட்டிச் சொல்லிவிடுங்கள்.

தண்ணீரில் சுவர் நிழலும் மர நிழலும் எதிரெதிர். சுவர் நிழலில் மண் காய்வது மெதுவாக இருக்கும், வெயில் பகுதிக்கு விடுவதில் பாதி போதும். மர நிழலில் மேலே ஈரமாகத் தெரிந்தாலும் அடியில் மரம் குடித்துவிட்டிருக்கும். ஒரு ஸ்க்ரூடிரைவரை மண்ணில் குத்திப் பாருங்கள்: சுலபமாக நான்கு அங்குலம் இறங்கினால் இன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். விடும்போது ஆழமாக, காலையில் விடுங்கள். மாலையில் விட்டால் இரவு முழுக்க இலை நனைந்து கிடந்து பூஞ்சணம் பிடிக்கும். மார்கழிப் பனியில் அதுவும் சேர்ந்தால் வட்ட வட்டமாகக் கருகும். ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரை லானுக்கு விடுவது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. உப்பு அதில்தான் செறிந்திருக்கும். நிழலில் நொந்து நிற்கும் புல்லுக்கு அது வேண்டாம்; ஏ.சி. தண்ணீர் பரவாயில்லை.

யூரியாவை வெயில் பகுதிக்குப் போடுவதில் பாதிக்கு மேல் போடாதீர்கள். ஐப்பசிக்குப் பிறகு வடக்குப் பக்கத்துக்கு அறவே வேண்டாம். தழைச்சத்து கூடினால் புல் சேமிப்பைக் கரைத்து மெல்லிய இலையாக விடும், அந்த இலையைப் பூஞ்சணம் தேடி வரும். நான் முடுக்கில் செய்தது அதைத்தான். பச்சை குறைவாகத் தெரிந்தால் அன்னபேதியை (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்துக் காலையில் தெளிக்கலாம், வளர்ச்சியைத் தூண்டாமல் நிறம் தரும். சிமென்ட் தரையில் பட்டால் துருக்கறை போகாது, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை, வெயில் திரும்பும் மாசி, பங்குனியில், சலித்த மண்புழு உரத்தைக் கால் அங்குலத்துக்குத் தூவிவிடுங்கள்.

பாசி வந்தால் பாசியோடு சண்டை போடாதீர்கள். ஈரமும் இருட்டும் கூடிவிட்டது என்று அது சேதி சொல்கிறது.

இன்னொன்று, மிதி. நிழல் புல்லுக்குத் திரும்ப எழும் தெம்பு கிடையாது. கேட்டிலிருந்து மோட்டார் ரூமுக்கு எல்லோரும் நடக்கும் வழியில் கடப்பா கல்லை அடி இடைவெளியில் பதித்துவிடுங்கள். பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் இடம் நிழலில் இருந்தால், அங்கே மண்தரைதான் நியாயமானது.

மூன்று மணி நேரத்துக்கும் குறைவு என்றால்

புல் வேண்டாம். வருடா வருடம் ஷீட் வாங்கிப் போட்டு மாற்றுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். நர்சரிக்கு நல்ல வியாபாரம். செயற்கைப் புல் கம்பளம் சுவர் நிழலில் பரவாயில்லை, மரத்தடியில் போட்டால் வேருக்குத் தண்ணீரும் காற்றும் போகாது.

பார்க்கப் புல் போலவே வேண்டும் என்றால் மோண்டோ கிராஸ். பெயரில்தான் கிராஸ், உண்மையில் அது புல் இனமே இல்லை. வெட்டவும் வேண்டாம், அடர் நிழலிலும் நிற்கும், மிதித்தால் மட்டும் தாங்காது. ஸ்பைடர் பிளான்ட், சிங்கோனியம் இரண்டும் மாமரத்தடியில் வரும். வெடிலியா என்று மஞ்சள் பூவோடு தருவார்கள். அது அண்டை வீட்டையும் பிடித்துக்கொள்ளும், யோசித்து வாங்குங்கள். ஓரளவு வெயிலும் ஈரமும் உள்ள ஓரங்களில் பொடுதலை தரையோடு தரையாகப் படரும்.

எங்கள் முடுக்கில் இப்போது வல்லாரைதான். துணி துவைக்கும் கல்லின் ஓரம் எப்போதும் இருக்கும் ஈரத்தில் பிடித்து, இரண்டு மழைக்காலத்தில் முக்கால்வாசி இடத்தை மூடிவிட்டது. சித்திரையில் வெயில் நேராக இறங்கும்போது மட்டும் இலை சுருங்கும். அந்த ஆறு வாரத்துக்குக் காலையில் ஒரு வாளி தண்ணீர் கூடுதலாக ஊற்ற வேண்டியிருக்கிறது. வாரம் ஒரு தடவை துவையலுக்குப் பறிக்கிறோம், வெட்டுகிற வேலையும் அதிலேயே முடிந்துவிடுகிறது.